நாலு மணிக்குக் கண் விழிக்கும் செடி

கத்திரி வெயில் முடிந்து நல்ல மழை ஒன்று பெய்துவிட்டால் போதும், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்திமந்தாரை எழுந்துவிடும். அதற்குப் பத்து நாள் முன்பு வந்து பார்த்திருந்தால் செடி செத்தே போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். தண்டு காய்ந்து ஒடிந்து, இலையெல்லாம் உதிர்ந்து, இடமே வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கும். ஆனால் மண்ணுக்கு அடியில் அதன் வேர் முள்ளங்கி மாதிரி பருத்துக் கிழங்காகி, தண்ணீரையும் உணவையும் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். ஈரம் பட்டதும் துளிர்க்கும். ஆனி மாதத்தில் புதர் முழுக்க மொட்டு.

யாரும் காசு கொடுத்து வாங்காத செடி இது. நாற்றுப் பண்ணையில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து எப்போதோ கப்பலேறி வந்து, நம் ஊர்க் கொல்லைகளில் தானாக முளைத்து, தானாகப் பரவி, நம் செடியாகவே ஆகிவிட்டது. பக்கத்தில் கேரளத்தில் இதற்கு நாலுமணிப்பூ என்று பெயர். பெயரிலேயே நேரம் இருக்கிறது, பாருங்கள். சாயங்காலம் நாலு, நாலரைக்கு முறுக்கிக்கொண்டிருக்கும் மொட்டு மெல்லப் பிரியத் தொடங்கும். இருட்டும்போது முழுதாக விரிந்திருக்கும். மறுநாள் வெயில் ஏறியதும் துவண்டுவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஓர் இரவுதான் வாழ்க்கை.

செடிக்கு மணி எப்படித் தெரியும்? வெளிச்சம் குறைவதும் வெக்கை தணிவதும் அதற்குத் தெரிகிறது. அதனால்தான் மேகமூட்டமான நாளில் காலையில் வெகுநேரம்வரைகூடப் பூ வாடாமல் இருக்கும். ஆனால் வெளிச்சம் மட்டும் காரணமில்லை. 1729-இல் பிரான்ஸ் நாட்டில் டி மைரான் என்ற அறிஞர், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். பகலா இரவா என்று தெரிய வழியே இல்லாத அந்த இருட்டிலும், பகல் வேளையில் இலை விரிந்தது, இரவு வேளையில் மூடியது. செடியின் உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. அதே மாதிரி உடல் கடிகாரம் ஈக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அது எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களைக் கொண்டு கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஊரே வீடு திரும்பும் நேரத்தில் ஏன் கடை திறக்க வேண்டும்? வரும் விருந்தாளி அப்படி. பூவின் குழலை அடிக்கோலால் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுப் பூவில் நான்கு சென்டிமீட்டர் இருந்தது. தேன் அதன் அடியில் இருக்கிறது. தேனீயின் நாக்கு அவ்வளவு தூரம் எட்டாது. எட்டுவது, இருட்டியபின் பறக்கும் பெரிய அந்துப்பூச்சி ஒன்றுக்குத்தான். அது பூவின்மேல் உட்காராது. காற்றிலேயே நின்றபடி சிறகடித்துக்கொண்டு, சுருட்டிவைத்திருக்கும் உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடிக்கும். இத்தனை வருடத்தில் நான் இரண்டே முறைதான் அதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பகலில் மணமே இல்லாத செடி சாயங்காலம் இனிமையாக மணப்பதும் இந்த விருந்தாளிக்காகத்தான்.

விருந்தாளி வராமலே போய்விட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. காலையில் வாடிய பூவின் வாயைப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருந்த மகரந்தத்தாள்களும் சூலகத்தண்டும் ஒன்றாகச் சுருண்டு பின்னிக்கொண்டிருக்கும். அப்போது தன் மகரந்தம் தன் சூலகமுடியிலேயே ஒட்டி, விதை பிடித்துவிடும்.

இப்போது ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இதழ்? ஐந்து என்பீர்கள். உண்மையில் ஒன்றுகூட இல்லை! வண்ணமாக விரிந்திருப்பது அல்லி இதழல்ல, புல்லி இதழ்கள் ஒன்றாக இணைந்து உண்டான குழல். அப்படியென்றால் அடியில் பச்சையாக, கிண்ணம்போல் தாங்குவது? அது பூவடிச் செதில். கத்தரிப்பூவுக்கும் செம்பருத்திக்கும் பச்சையாக இருக்கிற உறுப்பு, இங்கே வண்ணம் பூசிக்கொண்டு இதழின் வேலையைச் செய்கிறது. இதன் உறவுக்காரரான காகிதப்பூ இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. மதில்மேல் படர்ந்து கண்ணைப் பறிக்கும் அந்த நிறமெல்லாம் பூவடிச் செதில்தான். நடுவே ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியாக, வெளிர் நிறத்தில் நிற்கிறதே, அதுதான் பூ.

அந்திமந்தாரைப் பூவின் குழல் உதிர்ந்தாலும் அடிப்பகுதி உதிர்வதில்லை. அதுவே இறுகிக் கறுத்து, சுருக்கம் விழுந்த மிளகுபோல் விதையைப் போர்த்திக்கொள்கிறது. உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு. ஜப்பானியர்கள் இந்தச் செடியை ஒஷிரோய்பானா என்கிறார்கள், முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பொடியின் பூ என்று பொருள். ஆனால் விதையும் கிழங்கும் நச்சு. வாயில் வைக்கவே கூடாது. வீட்டில் சின்னத் தம்பி தங்கை இருந்தால் மிளகென்று நினைத்து எடுத்துவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கிணற்றடிச் செடி மரபியல் வரலாற்றிலும் இருக்கிறது. பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் கண்ட விதிகள் முப்பது ஆண்டுகளுக்குமேல் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1900-இல் அவற்றை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் கார்ல் கோரன்ஸ். அவர் அந்திமந்தாரையை வளர்த்தார். பட்டாணியில் ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் கலந்தால் பிள்ளைகளெல்லாம் ஊதாவே பூக்கும். அந்திமந்தாரையில் கலப்பில்லாத சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தபோது பிள்ளைகள் இளஞ்சிவப்பாகப் பூத்தன. அந்த இளஞ்சிவப்புச் செடிகளைத் தமக்குள்ளே சேர்த்தால், பேரப்பிள்ளைகளில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை! வெள்ளை எங்கேயும் தொலைந்து போகவில்லை. ஒரு தலைமுறை மறைந்திருந்து திரும்பி வந்தது.

1909-இல் அவர் சொன்னது இன்னும் வியப்பானது. சில அந்திமந்தாரைச் செடிகளில் பச்சைக் கிளை, வெளுத்த கிளை, இரண்டும் கலந்த திட்டுத் திட்டான கிளை என மூன்றும் இருக்கும். பச்சைக் கிளையில் விளைந்த விதை பச்சைச் செடியாகவே முளைத்தது. வெளுத்த கிளையின் விதை வெளுத்தே முளைத்தது, பாவம், உணவு தயாரிக்க முடியாமல் செத்தும் போனது. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் இது மாறவில்லை. இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகங்கள் தாயின் வழியாக மட்டுமே இந்தச் செடிக்குக் கிடைக்கின்றன என்பதே காரணம்.

பக்கத்து வேலியில் சங்குப்பூ இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். நாலைந்து நீலச் சங்குப்பூவைக் கிண்ணத்தில் போட்டு, அம்மாவையோ அப்பாவையோ வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். நீர் நீலமாகும். அதில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். வேறொரு கிண்ணத்து நீலத்தில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சை கலந்த நீலமாகும். சங்குப்பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி, புளிப்புக்கு ஒரு நிறமும் காரத்தன்மைக்கு ஒரு நிறமும் காட்டும்.

அடுத்து, கருஞ்சிவப்பு அந்திமந்தாரைப் பூக்களைக் கசக்கிப் பச்சைத் தண்ணீரில் சாயம் இறக்குங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு பட்டால் இந்தச் சாயம் மங்கிவிடும். இதிலும் எலுமிச்சை விடுங்கள். நிறம் பெரிதாக அசையாது. ஏனென்றால் இது ஆந்தோசயனினே அல்ல, பீட்டாலைன் என்ற வேறு நிறமி. பீட்ரூட்டிலும் காகிதப்பூவிலும் தண்டுக்கீரையின் சிவப்பிலும் இருப்பது இதுதான். செடியுலகில் ஒரு சில குடும்பங்களே இதைச் செய்கின்றன. சோதனைத் தண்ணீரைக் குடிக்காமல் வேரடியில் ஊற்றிவிடுங்கள்.

இன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு நோட்டும் பென்சிலுமாகக் கொல்லைப்பக்கம் போங்கள். ஒரே ஒரு மொட்டுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, அது பிரியத் தொடங்கும் நேரத்தையும், வெயிலா மேகமா என்பதையும் எழுதுங்கள். மறுநாள் இன்னொரு மொட்டு. பத்து நாள் விடாமல் எழுதினால், உங்கள் வீட்டு அந்திமந்தாரை எத்தனை மணிக்கு எழுகிறது என்பது உலகத்திலேயே உங்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.