வசனம் வெட்டும் கத்தரி

புத்தாண்டு இரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு சிறு அட்டை இருக்கும். அதில் ஒரு வசனம். 'இந்த வருஷம் ஆண்டவர் எனக்குக் கொடுத்த வாக்குத்தத்தம்' என்று அதை வீட்டுச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். இதையே 365ஆகப் பெருக்கினால் அனுதினத் தியானப் புத்தகம்: ஒரு தேதி, ஒரு வசனம், அரைப் பக்க விளக்கம், முடிவில் ஒரு குட்டி ஜெபம்.

'அபின்தானே' என்று நம்மில் பலர் இதைத் தள்ளிவிடுவதுண்டு. ஆனால் அந்த 'அபினே' வெட்டி எடுக்கப்பட்ட வசனம்தான். 1844இல் மார்க்ஸ் அதை எழுதிய இடத்தில், ஒடுக்கப்பட்டவர்களின் துயரமும் அத்துயரத்தை ஏற்க மறுக்கும் குரலும் மதத்தில் சேர்ந்தே இருப்பதாகத்தான் முதலில் சொல்கிறார். அந்த வரிகள் போய்விட்டன. ஒற்றைச் சொல் சுவரெழுத்தாகிவிட்டது. ஆகவே இங்கே பிரச்சினை நம்பிக்கையா பகுத்தறிவா என்பதல்ல. ஒரு பிரதியை எங்கே வெட்டுகிறோம், யார் வெட்டுகிறார்கள் என்பதே. வியாக்கியானம் அப்புறம்தான் வருகிறது; அரசியல் கத்தரிக்கோலிலேயே தொடங்கிவிடுகிறது.

அட்டைகளுக்கு மிகப் பிடித்தமான வசனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: எரேமியா 29:11. உங்களுக்குத் தீமையல்ல, சமாதானத்தையே நினைத்திருக்கிறேன் என்று கடவுள் சொல்லும் இடம். பரீட்சை, கல்யாணம், வேலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சரி, அதிகாரத்தை முழுசாகத் திறந்து பார்த்தால்? அது ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன மக்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதியது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள், அந்தப் பட்டணம் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது அது. 11க்கு ஒரு வசனம் முன்னால் விடுதலைக்கான கெடு வருகிறது: 70 வருஷம். கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்று அர்த்தம். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கோவிலில் நின்று அறிவிக்கிறான். எரேமியாவின் சண்டையே இந்த மலிவான ஆறுதலோடுதான். இன்றைக்கு அட்டையில் அச்சாவது எரேமியாவின் வசனம். அதை வாசிக்கும் குரலோ அனனியாவினுடையது.

இன்னொன்றும் நடக்கிறது. அந்த வசனத்தில் உள்ள 'உங்கள்' பன்மை. நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தில் கடவுள் தனி ஆளிடம் பேசினால் 'நீ' என்றுதான் பேசுவார். ஆபிரகாமானாலும் தாவீதானாலும் 'நீ'தான். 'நீங்கள்' என்றால் கூட்டம். ஆனால் மரியாதை ஒருமையாக 'நீங்க' என்று பேசிப் பழகிய காதுக்கு இது தனக்கு மட்டும் சொன்னதாகவே கேட்கிறது. ஒரு மக்கள் கூட்டத்துக்கு எழுதிய கடிதம் ஓர் ஆளுக்கு வந்த தந்தியாகிவிடுகிறது. வெட்டப்படுவது வாசகம் மட்டுமல்ல, அதைக் கேட்கவேண்டிய கூட்டமும்தான்.

தினத்துக்கொரு வசனம் என்ற பழக்கம் எப்போதும் தனியாளுக்கானதாக இருக்கவில்லை. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், மொராவியாவிலிருந்து ஓடிவந்த அகதிகள் 1722இல் உருவாக்கிய குடியிருப்பு ஹெர்ன்ஹூட். 1728 மே 3ஆம் தேதி மாலை, மறுநாளுக்கான வாசகம் ஒன்றைச் சின்சென்டார்ஃப் பிரபு சபைக்குக் கொடுத்தார். அது வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லப்பட்டது. ஊரே ஒரே வசனத்தோடு வேலைக்குப் போனது. 1731 முதல் புத்தகமாக வந்து, இன்று 50க்கு மேற்பட்ட மொழிகளில் வெளியாகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். மனிதக் கை படவில்லை என்று தோன்றும். ஆனால் குலுக்கலுக்குப் போவது பழைய ஏற்பாட்டின் சுமார் 23,000 வசனங்களும் அல்ல. முன்கூட்டியே பொறுக்கி வைத்த சுமார் 1,800. சட்டியில் இல்லாதது எந்தக் குலுக்கலிலும் வராது.

சட்டியில் எதைப் போடக்கூடாது என்று அதிகாரம் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று பொறுக்கியெடுத்த வேதாகமம் ஒன்று அச்சானது. 1,189 அதிகாரங்களில் 232 மட்டுமே அதில் உண்டு. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறும் கதை இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று பவுல் சொல்லும் கலாத்தியர் 3:28 இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:5 பத்திரமாக இருக்கிறது. ஒரு பொய்யைக்கூட அவர்கள் சேர்க்கவில்லை. வெட்டினார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் தினசரி வசனம் என்றாலே மோசடியா? அவசரப்பட வேண்டியதில்லை. நாஜிகளை எதிர்த்த போதகர் போன்ஹோஃபர் 1939 ஜூனில் பாதுகாப்பாக நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அந்நாட்களில் அவர் வாசித்தது ஹெர்ன்ஹூட் புத்தகம். குளிர்காலத்துக்கு முன் வந்துசேரும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வாசகம் ஜூன் 26 அன்று கண்ணில் பட்டு நாள் முழுக்க அவரை விடவில்லை. அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அதுவும் இடம்பெயர்த்து வாசித்த வசனம்தான். ஆனால் அது அவரைத் தன் மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. அவர்களிடம் திருப்பி அனுப்பியது. அதே 1939இல் வெளியான தன் நூலில், தினவசனம் ஆசீர்வாதம்தான், ஆனால் முழு வேதத்தின் இடத்தை அது பிடிக்க முடியாது, அதிகாரம் அதிகாரமாகத் தொடர்ந்து சேர்ந்து வாசியுங்கள் என்று எழுதியவரும் அவரே.

சேர்ந்து வாசித்தால் என்ன நடக்கும் என்பதை நிகராகுவா ஏரியின் சொலெந்தினாமே தீவுகளில் பார்க்கலாம். அங்கே பாதிரியும் கவிஞருமான எர்னெஸ்தோ கார்தெனால் பிரசங்கத்துக்குப் பதிலாக விவசாயிகளையும் மீனவர்களையும் பேசவிட்டார். ஏரோது யார் என்று கேட்டபோது, சொமோசாவை அவர்களே அடையாளம் கண்டார்கள். 1977 அக்டோபரில் அங்கிருந்து சில இளைஞர்கள் சான் கார்லோஸ் ராணுவ முகாமைத் தாக்கப் போனார்கள். சொமோசாவின் காவற்படை அந்தக் குடியிருப்பை அழித்தது. அப்படி வாசிப்பதில் என்ன ஆபத்து என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

நம் தெருவில் விடிகாலை எழுந்து வேதம் வாசிக்கும் அக்காவிடம் போய் 'அதை மூடி வை' என்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. வசனத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருக்கிறது அக்கா, இந்த 'உங்கள்' யார் யார் என்று கேட்டு, கூட உட்கார்ந்து வாசிக்கலாம். எழுபது வருஷக் கணக்கு அவருக்குப் புதிதாக இருக்காது.