உங்களுக்குத் தெரியுமா? மேசைமேல் ஓடும் ரயில்

● மாடல் ரயில் என்றால் சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் பொம்மை என்றுதான் நினைப்போம். மாடல் ரயில் பிரியர்களிடம் ‘பொம்மை’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுண்டிப்போகும்!

● 1901இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கவன் என்பவர் மின்சாரத்தில் ஓடும் சின்னத் திறந்த வண்டி ஒன்றைச் செய்தார். கடைக் கண்ணாடிக்குள் சரக்கைச் சுமந்து சுற்றிவரட்டும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கட்டும் என்பது யோசனை. ஜனங்கள் நின்றார்கள். ஆனால் சரக்கை விட்டுவிட்டு வண்டிக்கு விலை கேட்டார்கள்! அமெரிக்கர்களின் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பல தலைமுறைகளாக ஓடும் லயனல் ரயில் இப்படித்தான் கிளம்பியது.

● அதற்கும் பத்து வருடம் முன்பே ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி ஒரு வியாபார சூட்சுமத்தைப் பிடித்திருந்தது. அவர்கள் பொம்மை வீட்டுக்குத் தகரத்தில் அடுப்பு, பாத்திரம் செய்து விற்றவர்கள். வீட்டை ஒருமுறை வாங்கிவிட்டால் உள்ளே வைக்கிற சாமானை வருஷா வருஷம் வாங்கித்தானே ஆக வேண்டும்? ரயிலுக்கும் அதையே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1891 லீப்சிக் சந்தையில் ஒழுங்கான அளவுகளோடு தண்டவாளம், வண்டி எல்லாம் செட்டாக வந்தது. முதல் வருஷம் வட்டம், அடுத்த வருஷம் பாதை பிரியும் பாயிண்ட், அதற்கடுத்த வருஷம் ஸ்டேஷன். அப்பாக்களின் பர்ஸ் அன்றைக்குத் திறந்தது, இன்னும் மூடவில்லை.

● உலகில் அதிகம் ஓடுவது ‘ஹெச்ஓ’ அளவு. நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. பெயரில் உள்ள ‘ஓ’ எழுத்தல்ல, பூஜ்யம்! ‘ஸீரோ’ என்ற பழைய பெரிய அளவில் பாதி என்பதால் ‘ஹாஃப் ஸீரோ’ என்றார்கள். 87 என்ற கோணல் எண் எங்கிருந்து வந்தது? நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் மூன்றரை மில்லிமீட்டர் என்று வைத்ததால்.

● பிரிட்டிஷ்காரர்கள் இங்கேயும் தனி வழிதான். அவர்கள் ஊர் இன்ஜின்கள் ஐரோப்பிய இன்ஜின்களைவிட ஒல்லி. அந்தக் காலத்து மோட்டார் 87இல் ஒரு பங்கு இன்ஜினுக்குள் அடங்கவில்லை. சரி, இன்ஜினை மட்டும் பெரிதாக்கு என்று அடிக்கு நாலு மில்லிமீட்டர் கணக்கில் உடம்பைச் செய்து, பழைய 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே ஏற்றிவிட்டார்கள். பெரிய உடம்பு, குறுகிய கால். இன்றுவரை பிரிட்டனில் பெரும்பாலான மாடல் ரயில்கள் இந்தப் பொருத்தமில்லாத ஜோடியில்தான் ஓடுகின்றன. மனம் பொறுக்காத சிலர் 18.83 மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளத்தைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கடைசி .83தான் அவர்களுக்கு முக்கியம்!

● நம் அகல ரயில் பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5. அதில் ஓடும் இந்திய ரயில் எல்லாம் கணக்குப்படி பார்த்தால் கொஞ்சம் பொய்தான்.

● இடம்தான் பெரிய தலைவலி. நம் ஐ.சி.எஃப். பெட்டி ஹெச்ஓவில் கால் மீட்டரைத் தாண்டும். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் வேண்டுமென்றால் ஆறு மீட்டர், அதாவது ஹாலைத் தாண்டி அடுப்படி வரை! எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை அப்படியே செய்ய ஏறத்தாழ 290 மீட்டர் வேண்டும். அதனால் எல்லோரும் சுருக்குகிறார்கள். பத்து ஜன்னல் ஸ்டேஷனுக்கு ஆறு ஜன்னல், இருபது பெட்டிக்கு எட்டு. எதை வெட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்று கண்டுபிடிப்பதில்தான் கை தேர்ந்தவரும் புதியவரும் வேறுபடுகிறார்கள். இடமே இல்லாதவர்களுக்கு ஜப்பானின் ‘டி’ அளவு இருக்கிறது. தண்டவாளத்தின் அகலம் 3 மில்லிமீட்டர். அதே ஐ.சி.எஃப். பெட்டி அதில் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது.

● ‘ஹேக்கர்’ என்ற சொல்லுக்கும் மாடல் ரயிலுக்கும் நெருங்கிய உறவு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாணவர் மாடல் ரயில் கிளப்பில் இரண்டு கோஷ்டிகள். ஒன்று மேசைக்கு மேலே மலைக்கும் மரத்துக்கும் பெயின்ட் அடிக்கும் கோஷ்டி. இன்னொன்று மேசைக்கு அடியில் தவழ்ந்து ஒயர் இழுக்கும் கோஷ்டி. இந்த இரண்டாவது கோஷ்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான ரிலேக்களை வைத்து, பல பேர் பல ரயிலை ஒரே நேரத்தில் ஓட்டும்படி ஒரு பிரம்மாண்டப் பின்னலைப் போட்டிருந்தது. அதில் செய்யும் சாமர்த்தியமான குறுக்கு வழிக்குப் பெயர் ‘ஹேக்’. 1959இல் உறுப்பினர் பீட்டர் சாம்சன் தொகுத்த கிளப் அகராதியிலேயே அந்தச் சொல் ஏறிவிட்டது. மேசைக்கடிப் பையன்கள் அப்படியே கல்லூரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தார்கள். 1962இல் ‘ஸ்பேஸ்வார்’ என்ற வீடியோ கேம் அவர்கள் வட்டாரத்திலிருந்து வந்தது. அதை ஆடத் தேவையான கைப்பெட்டிகளைச் செய்ததும் ரயில் கிளப்பில் கிடந்த உதிரி பாகங்களிலிருந்துதான். ‘ஹேக்கர்’ என்றால் திருடன் என்ற அர்த்தமெல்லாம் பிற்பாடு ஒட்டியது.

● இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுகிறது. தண்டவாளத்தின்மேல் மெல்லிய தூசிப் படலம் இருந்தால் போதும், இன்ஜின் விக்கும், விளக்கு சிமிட்டும், அப்புறம் நின்றுவிடும். நம் ஊர்த் தூசிக்கு, ஓட்டும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம்தான் அதிகம் ஆகும்.

● நின்ற ரயிலை விரலால் லேசாகத் தள்ளிவிடுவார்கள் அல்லவா, அதற்கும் ஒரு பெயர் உண்டு. நீராவி இன்ஜின்களைச் சக்கர எண்ணிக்கையை வைத்து 2-8-2, 0-6-0 என்று அழைப்பது வழக்கம். அமெரிக்க மாடல்காரர்கள் தங்கள் கைக்கு வைத்த பெயர் ‘0-5-0’. ஐந்து விரல்!

● கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் கட்டிய மலை ரயில், இந்தத் துறையில் ஒரு காவியம். எல்லோரும் இன்ஜினைப் பளபளவென்று வைத்திருந்த காலத்தில் அவர் துரு, கரி, மழைக்கறை எல்லாம் பூசினார். கண்ணாடிகளை ஒளித்து வைத்து அறையின் ஆழத்தைக் கூட்டினார். ஷன்டிங் யார்டில் பெட்டி இழுக்க எம்மா என்றொரு டைனோசர்! கேட்க யார் இருக்கிறார்கள், அவர் ரயில்! 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்து, பல வருட உழைப்பு கரியாகிவிட்டது. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அவர் எடுத்து வைத்த படங்கள்தான்.

● பாடகர் ராட் ஸ்டூவர்ட் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டு மாடியில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்து 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றைக் கட்டினார். கச்சேரிக்கு ஊர் ஊராகப் போகும்போதும் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை கேட்பாராம், கட்டடம் ஒட்டுவதற்கு. இன்னொரு பாடகர் நீல் யங்கின் கதை வேறு. பெருமூளை வாதத்தால் கையைச் சரியாக அசைக்க முடியாத மகனும் ரயில் ஓட்ட வேண்டும் என்று தனிக் கருவிகள் செய்யப்போய், அந்த ஆர்வத்தில் லயனல் கம்பெனியிலேயே பங்குதாரர் ஆனார்.

● ஹாம்பர்க் நகரில் இரவு விடுதி நடத்திக்கொண்டிருந்த இரட்டையர்கள் ஃப்ரெடரிக், கெரிட் பிரவுன். அவர்கள் 2001இல் ஒரு பழைய கிடங்கில் திறந்த ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’தான் இன்று உலகிலேயே பெரிய மாடல் ரயில் உலகம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே இரவு வருகிறது. ஜன்னல் ஜன்னலாக விளக்கு ஏறும் அழகே அழகு. 2011இல் விமான நிலையமும் வந்தது. விமானம் ஓடுபாதையில் ஓடி, எழும்பி, சுவருக்குள் மறைகிறது. பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு சென்டிமீட்டர் மனிதர்கள் ஒவ்வொருவரும் கையால் வைக்கப்பட்டவர்கள்.

● கடைசியாக நம் நாட்டு ரயில் ஒன்று. குவாலியரில் சிந்தியா மன்னர்களின் ஜெய்விலாஸ் அரண்மனையில் சாப்பாட்டு மேசைமேல் தண்டவாளம் உண்டு. அதில் வெள்ளி ரயில். விருந்து முடிந்ததும் பிராந்தியும் சுருட்டும் ஏற்றிக்கொண்டு விருந்தாளி விருந்தாளியாக வரும். குடுவையைத் தூக்கினால் நிற்கும், திருப்பி வைத்தால் கிளம்பும். நம் பந்தியில் ரசம் இப்படி வந்தால் எப்படி இருக்கும்! அரண்மனையின் ஒரு பகுதி இப்போது மியூசியம், ரயிலும் அங்கேதான் இருக்கிறது. குவாலியர் போகிறவர்கள் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.