எண் ஒலியாகும் இடம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் சங்கச் செய்யுளொன்றைப் பற்றியோ நன்னூற் சூத்திரமொன்றைப் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு மின்கருவி பற்றியது. அதற்குக் காரணம் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் ஒலிநாடாவில் விட்டுச் சென்ற குரல்களைக் கணினியிற் பதிந்து வைத்திருக்கும் பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். அக்குரல்களைச் செவ்வனே கேட்க விரும்பித் தனியாக ஒரு மாற்றியை வாங்கி, வீட்டிலுள்ள றிசீவரோடு இணைக்கின்றனர். இணைத்தபின், பணம் சென்றதேயன்றிப் பயன் தெரியவில்லை என்கின்றனர். அவ்வாறு சொன்னவர்களுள் நானும் ஒருவன்.

என் தந்தையார் ஓதிய தேவாரப் பதிகங்களுட் சில ஒரு கசெற்றில் இருந்தன. அவர் மறைந்த பின்னர், என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் அவற்றைக் கணினிக்கு மாற்றித் தந்தான். கனடாவில் வாழும் என் மைத்துனர், “அத்தான், இதைப் பூட்டிக் கேளுங்கோ” என்று சொல்லி, உள்ளங்கையளவான மாற்றி ஒன்றை அனுப்பிவைத்தார். அதைக் கொண்டு நான் செய்த பிழைகள் இரண்டு. அவை பிறர்க்குப் பாடமாகலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மாற்றி என்பது யாது என்பதைக் காண்போம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று ஒலியை அளந்தவர் நம் இலக்கண ஆசிரியர். மாத்திரைக்கு அவர்கள் கொண்ட அளவு கண்ணிமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதுமாகும். இன்றைய கருவியும் ஒலியை அளக்கின்றது. ஆனால் அதன் அளவு மிக நுண்ணியது. 1982 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சீடி இசைத்தட்டு, ஒரு செக்கனில் 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்துக்கொள்கின்றது. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்க வல்லது. ஓர் அலையை மீள அமைப்பதற்கு, அதன் மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கினும் மிகுதியாக அளந்தாற் போதும் என்பது அறிஞர் ஷனன் 1949 இல் நிறுவிக் காட்டிய கொள்கை. 44,100 என்ற எண் அக்கொள்கையின்வழி வந்ததே.

இவ்வாறு எண்களாகி நிற்கும் ஒலியை இலக்கமுறை ஒலி என்பர். எண்ணைச் செவி கேளாது, ஒலிபெருக்கியும் அறியாது. எண்வரிசையை ஏறியிறங்கும் மின்னழுத்தமாக மாற்றுதல் வேண்டும். அதுவே ஒப்புமுறை ஒலி. ஏட்டிலுள்ள எழுத்தை ஓதுவார் ஒருவர் வாயால் இசையாக்குதல் போன்றது இத்தொழில். அதனைச் செய்வதே மாற்றி; ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘டக்’ என வழங்குவர். இது புதிய பொருளன்று. கைத்தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஒன்று உண்டு. வானொலி வாங்கியும் ஒலிவிரியாக்கியும் தெரிவுப் பொத்தான்களும் ஒரு பெட்டியுள் அமைந்த றிசீவரிலும், அது அண்மைக்காலத்ததாயின், பெரும்பாலும் ஒன்று இருக்கும். ஆகவே நாம் கேட்கவேண்டிய வினா மாற்றி உண்டா என்பதன்று. எண் எவ்விடத்தில் ஒலியாகின்றது என்பதே. இவ்வினாவை விடுத்து வடங்களை மட்டும் பூட்டினால் விளைவது குழப்பமே.

வெளி மாற்றியை இணைக்கும் முறை வருமாறு. எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, றிசீவரின் ஒலியளவை முற்றாகக் குறைத்துக்கொள்க. கணினியிலிருந்து மாற்றிக்கு யூ.எஸ்.பி. வடத்தால் எண்களைக் கொண்டுசெல்லலாம்; தொலைக்காட்சியிலிருந்தாயின் ஒளியிழை வடம் ஏற்றது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் ‘பீ.சீ.எம்.’ என்பதைத் தெரிதல் வேண்டும். அன்றேல், திரைப்படங்களுக்குரிய பல்வழி ஒலிக்குறியீட்டை எளிய மாற்றி விளங்கிக்கொள்ளாது மௌனமாகும், அல்லது இரையும். பின்னர், மாற்றியின் ஒப்புமுறை வெளிவழியிலிருந்து சிவப்பு, வெள்ளை முனைகளுடைய இரட்டை வடத்தை றிசீவருக்குக் கொண்டுசெல்க. சிவப்பு வலப்புறத்துக்கும் வெள்ளை இடப்புறத்துக்கும் உரியன. றிசீவரில் ‘சீடி’ அல்லது ‘ஓக்ஸ்’ எனக் குறித்த துளைகளிலேயே அதனைப் பூட்டுதல் வேண்டும். மாற்றியில் ஒலியளவுக் குமிழ் இருப்பின் அதனை நிறைவான அளவில் நிறுத்தி, றிசீவரின் குமிழால் மட்டும் ஒலியைக் கூட்டிக் குறைத்தல் நன்று.

என் முதற்பிழை இங்கே நேர்ந்தது. வெறுமையாயிருந்த துளை ‘ஃபோனோ’ எனக் குறித்ததொன்றே, அதிற் பூட்டினேன். தந்தையாரின் குரல் கேட்கவில்லை, பேரிரைச்சலே எழுந்தது. அத்துளை இசைத்தட்டின் ஊசிக்கு உரியது. ஊசி தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ற்று. வீட்டு மாற்றியொன்று தருவது 2 வோல்ற்று அளவு, அதாவது நானூறு மடங்கு. அன்றியும், இசைத்தட்டிற் குறைத்துப் பதிக்கப்பட்ட தாழ்ந்த ஒலிகளை மீள உயர்த்தும் அமைப்பும் அத்துளைக்குப் பின்னால் உண்டு. ஒலிபெருக்கி பிழைத்தது என் நற்பேறே.

இரண்டாம் பிழையை உணர எனக்குப் பல மாதங்கள் சென்றன. சரியான துளையிற் பூட்டிய பின்னும் ஒலியில் வேறுபாடு சிறிதும் தோன்றவில்லை. கருவி பழுது என்றே எண்ணினேன். ஒருநாள் றிசீவரின் கைந்நூலை ஆறுதலாக வாசித்தபோதுதான் உண்மை புலப்பட்டது. பல ஒலிபெருக்கிகளை இயக்கும் இக்காலத்து றிசீவர்கள் பல, உள்ளே வரும் ஒப்புமுறை ஒலியை மீண்டும் எண்களாக்கி, அறைக்கேற்பத் திருத்தி, தம்முடைய மாற்றியால் மறுபடியும் ஒலியாக்குகின்றன. வெளி மாற்றி அரிதிற் செய்த வேலை, உள்ளே சென்றவுடன் அழித்தெழுதப்படுகின்றது! ஆங்கிலக் கதையொன்றை வல்லார் ஒருவர் தமிழாக்கித் தர, அதனை இன்னொருவர் ஆங்கிலமாக்கி, மீண்டும் தமிழாக்கிய பின் நாம் வாசித்தால், முதல்வரின் தமிழ் எங்கே? நான் கேட்டது அந்த மூன்றாம் பெயர்ப்பு.

இதற்குப் பரிகாரம் எளிது. அத்தகைய றிசீவர்கள் பலவற்றில் ‘பியூர் டிறெக்ற்’ என்றோ ‘டிறெக்ற்’ என்றோ ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் ஒப்புமுறை ஒலி மீண்டும் எண்ணாகாமல் ஒலிவிரியாக்கிக்கு நேரே செல்லும்; உறுதியைக் கைந்நூலிற் காண்க. ஆனால் அறைத்திருத்தம் முதலியன அப்போது இயங்கா. அத்திருத்தங்கள் வேண்டுமென்பார் வெளி மாற்றியை விடுத்து, எண்களை ஒளியிழை வழியாகவோ எச்.டி.எம்.ஐ. வழியாகவோ றிசீவருக்கே கொடுத்தல் தகும். இரண்டும் நேர்வழிகளே.

அங்ஙனமாயின் வெளி மாற்றியால் யாருக்குப் பயன்? இலக்கமுறை உள்வழி அறவேயில்லாத பழைய றிசீவரை வைத்திருப்போர்க்கு அஃது இன்றியமையாதது. நன்கு உழைத்த பழைய கருவியைக் கழித்துவிடாமற் காக்க அதுவே வழி. கணினியின் காதணித் துளையிலிருந்து வரும் ஒலியில் இரைச்சல் கலந்திருப்பின் அங்கும் உதவும். தாழ்ந்த தொடர் முழக்கம் கேட்பின், அது பெரும்பாலும் கருவிகளின் நிலத்தொடுப்புக்களிடையே ஓடும் மின்னோட்டத்தால் வருவது. ஒளியிழையில் மின்சாரம் செல்லாதாகலின், அவ்வடத்துக்கு மாறினால் முழக்கம் அடங்குதல் உண்டு. நல்ல புதிய றிசீவர் உடையார் வாங்குமுன் சோதித்துப் பார்ப்பாராக. சோதிக்கும்போது இரு வழிகளின் ஒலியளவையும் ஒப்பச் செய்து, மாற்றுவதை இன்னொருவரிடம் விடுதல் வேண்டும். சற்று உரத்துக் கேட்பதே இனிமையென மயங்குவது செவியின் இயல்பு. வெளிநாட்டு உறவினர் றிசீவரையே அனுப்புவாராயின், கனடாவின் மின்னழுத்தம் 120 வோல்ற்று என்பதையும் நம் நாட்டது 230 என்பதையும் மறவற்க.

நான் அப்பொத்தானை அழுத்திக் கேட்ட இரவில், பதிகத்தின் அடிகளுக்கிடையே தந்தையார் மூச்செடுக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. அம்மூச்சோசையை அறியாதவன் அல்லேன். சிறுவயதில் அருகிருந்து கேட்டதே. நாடாவின் இரைச்சலும் அவ்வளவு தெளிவாகவே கேட்டது. மாற்றி எதனையும் புதிதாகக் கூட்டவில்லை. இருந்ததைக் கெடாமல் தந்தது. பதிவில் இல்லாததை எவ்வளவு விலை கொடுத்த மாற்றியும் தரமாட்டாது.

ஆகவே இறுதியாக ஒன்று கூறுவேன். நாடாவிற் பூசிய காந்தத்துகள் ஆண்டுதோறும் தளர்கின்றது. உதிர்ந்த குரல் மீளாது. மாற்றியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். வீட்டு அலுமாரியில் பழைய நாடா இருப்பின், அன்பர்களே, முதலில் அதனை எண்ணாக்கி வையுங்கள். அதன்பின், எண் எவ்விடத்தில் ஒலியாகின்றது என்று பார்த்துக்கொள்ளலாம்.