உறுப்பினர் கதவு காத்த கட்டிடம்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரப் பொது நூலகத்தின் பழைய படம் ஒன்று இணையத்தில் அடிக்கடி சுற்றும். ஐந்தடுக்கு வார்ப்பிரும்பு அலமாரிகள், சுற்றிச் சுற்றி ஏறும் படிகள், கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் வெளிச்சம். பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: இதையா இடித்தார்கள்? 1874-இல் திறந்த கட்டிடம் 1955-இல் தரைமட்டமானது. அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

ஏறக்குறைய அதே வயதுள்ள நூலகக் கட்டிடம் ஒன்று ஊட்டியில் அசையாமல் நிற்கிறது. நீலகிரி நூலகம் தொடங்கியது 1859-இல். 1867-இல் அதற்குக் கட்டிடம் வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். சென்னையில் மாநிலக் கல்லூரியையும் பின்னாளில் செனட் ஹவுஸையும் எழுப்பியவர். செனட் ஹவுஸில் குவிமாடமும் வண்ணமுமாக ஆசைதீர விளையாடிய மனிதர், இங்கே கோதிக் பாணியோடு அடங்கிவிட்டார். சிவப்புச் செங்கல் சுவர். உள்ளே உயர்ந்த கூரை. வாசிப்புக் கூடத்தின் கோடியில் கூர்வளைவுப் பெரிய ஜன்னல். மேகம் இறங்கும் ஊரில் வாசிப்பவனுக்கு முதல் தேவை வெளிச்சம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கென்னவோ செனட் ஹவுஸைவிட இந்தக் கூடம்தான் பிடிக்கும்.

அது ஏன் விழுந்தது, இது ஏன் நிற்கிறது? சின்சினாட்டியில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். நாடக அரங்கமாகத் திட்டமிட்டுப் பாதியில் நின்ற கட்டிடத்தைத்தான் நூலகமாக்கினார்கள். ஊர் வளர, ஆளும் புத்தகமும் பெருகி இடம் போதவில்லை. ஊட்டிக்கு அந்தக் கவலை வரவே இல்லை. இது சந்தா கட்டும் உறுப்பினர்களின் நூலகம். கோடையில் மலையேறும் அதிகாரிகளும், காப்பி, தேயிலைத் தோட்டத் துரைமார்களும் வந்து படித்த இடம். கொழுந்து பறித்தவர்களுக்கும் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கும் அந்தப் படியில் வேலை இருக்கவில்லை. கூட்டம் வராததால் கட்டிடம் தப்பித்தது. கட்டிடத்தை ரசிக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

ஊரையும் உள்ளே விட்டு, கட்டிடத்தையும் காப்பாற்ற முடியாதா? சென்னையில் முடிந்தது. 1896-இல் திறந்த கன்னிமாரா பொது நூலகத்தில் இடம் போதாதபோது, 1970-களில் பக்கத்திலேயே புதுக்கட்டிடம் எழுப்பினார்கள். வண்ணக் கண்ணாடி பதித்த பழைய கூடத்தில் கை வைக்கவில்லை.

நீலகிரி நூலகம் இன்றும் உறுப்பினர்களுடையதுதான். ஆனால், சில ஆண்டுகளாக ஊட்டி இலக்கிய விழா அங்கே நடக்கிறது. சந்தா கட்டாதவர்களும் சிஷோமின் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். கட்டிடத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. விழா இல்லாத நாட்களிலும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் பார்க்கலாம்.