சுவிட்சைத் தொலைவிலிருந்து இயக்குதல்: சில சொற்சிக்கல்கள்

ஒரு கல்விக்கூடத்தின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பிணையச் சுவிட்ச் பெரும்பாலும் பூட்டிய அறையொன்றில் இருக்கும். அமைப்புகளை மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் அங்குச் செல்ல இயலாது. பொறுப்பாளர் தம் மேசையிலிருந்தே அதனுள் நுழைகிறார். இதனைத் தமிழில் கற்பிக்க முனையும் ஆசிரியருக்குத் தொடக்கத்திலேயே ஓர் இடர் நேர்கிறது.

‘விசை’ என்னும் சொல்லைக் கருதுவோம். இயற்பியலில் தள்ளுதலும் இழுத்தலும் விசை. விளக்கை எரியச் செய்யும் பொத்தானும் விசை. விரலால் தட்டும் எழுத்துப் பொத்தானும் விசையே; அதனாற்றான் விசைப்பலகை என்கிறோம். மறைகுறியாக்கத்தில் செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் நெடிய எண்ணுக்கும் அதே பெயர். இனி, சிஸ்கோ சுவிட்சுகளில் வழங்கும் ‘கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ’ என்னும் கட்டளையை இச்சொற்களால் விளக்கினால், ‘விசையில் விசையை உருவாக்குக’ என முடியும். கருவியைச் சுவிட்ச் என்றே விட்டு, அவ்வெண்ணைத் திறவுகோல் என வழங்குவதே தக்கது என்பது நம் கருத்து. மொழித்தூய்மை கருதி மறுப்போர் உளர். அவர்களோடு பல கூட்டங்களில் வாதிட்டிருக்கிறோம்.

‘தொலை அணுகல்’ என்னும் தொடரோ வேறொரு குறையுடையது. டெல்நெட், எஸ்எஸ்எச் ஆகிய இரண்டையும் அது ஒருங்கே சுட்டுவதால், அவற்றின் வேறுபாடு மறைந்துவிடுகிறது. 1983இல் தரப்படுத்தப்பட்ட டெல்நெட், 23ஆம் வாயிலில் இயங்குவது. அதில் கடவுச்சொல் தட்டியவாறே, எவரும் படிக்கத்தக்க எழுத்துகளாகப் பிணையத்தில் செல்கிறது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிணையத்தில் இவ்வாறு சென்ற கடவுச்சொற்கள் களவாடப்பட்டதை அடுத்தே, 1995இல் அங்கிருந்த தாத்து யூலோனென் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார். 22ஆம் வாயிலில் இயங்கும் இதில் யாவும் மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. முன்னதைத் திறந்த நுழைவு, பின்னதைக் காப்பு நுழைவு எனப் பிரித்துச் சொன்னால் மாணவர் தாமே தேர்வர்.

காப்பு நுழைவை அமைக்கும்போது வரிசை முதன்மையானது. சுவிட்சுக்குப் பெயரும் களப்பெயரும் இட்ட பின்னரே 2048 பிட் திறவுகோலை உருவாக்குதல் வேண்டும். அடுத்துப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இறுதியாக நுழைவுத் தடங்களில் ‘லாகின் லோக்கல்’, ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச்’ என்னும் இரு கட்டளைகள். இவற்றுள் இரண்டாவது விடுபட்டால் டெல்நெட் வாயிலும் திறந்தே இருக்கக்கூடும். பழைய இணைப்பை மூடுமுன் புதிய இணைப்பொன்றைத் தொடுத்துச் சோதிப்பது நன்று. இல்லையேல் பூட்டிய அறைக்கு நடக்க நேரும். சோதித்தபின் அமைப்பைச் சேமிக்காவிடில், மின்சாரம் நின்று மீளும்போது யாவும் அழிந்துவிடும்.

அமைப்புக் கோப்பின் படியொன்றை வேறிடத்தில் வைப்பதும் இப்பணியின் பகுதியே. 69ஆம் வாயிலைப் பயன்படுத்தும் டிஎஃப்டிபி பெயரோ கடவுச்சொல்லோ கேட்பதில்லை. பிணையத்தின் உள்ளமைப்பையெல்லாம் சொல்லும் கோப்பை அவ்வழியே அனுப்புவது தகாது. எஸ்எஸ்எச்சின் மேல் இயங்கும் எஸ்சிபி பாதுகாப்பானது. இதற்கு ‘ஐபி எஸ்சிபி சர்வர் இனேபிள்’ என்னும் கட்டளையும், 15ஆம் உரிமைநிலை கொண்ட கணக்கும் தேவை.

இதனைக் ‘கோப்பு மாற்றம்’ என எழுதலாகாது. கோப்பு அனுப்புதல் என்பதே தெளிவு. முன்னைய சொல்லை இட்ட பயிற்சித்தாளொன்றைத் திருத்தும் வாய்ப்பு நமக்கு நேர்ந்தது. மாணவர் சிலர் கோப்பை அனுப்பும் முறையை விடுத்து, அதன் உள்ளடக்கத்தைத் திருத்தும் முறையை விரிவாக எழுதியிருந்தனர். மதிப்பெண்ணைக் குறைக்க நமக்கு மனம் வரவில்லை. வினா அப்படித்தான் கேட்டிருந்தது.