எஞ்சின் பெரிசானால் மட்டும் கார் பறக்குமா? பின்னால் இருக்கிற பல் சக்கரத்தைக் கேளுங்கள்!

பெருங்களத்தூரில் பிறந்த ஹெரால்டு சொல்லும் பாடம்

மாமல்லபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நிழல் தேடி ஒரு கார் மணலில் இறங்கிவிடும். திரும்பக் கிளம்பும்போது ஒரு சக்கரம் மட்டும் விர்ரென்று சுற்றும். பக்கத்துச் சக்கரம் சும்மா நிற்கும்.

எஞ்சின் கத்துது. பெட்ரோல் எரியுது. வண்டி மட்டும் நகரலை!

எஞ்சின் மேல் தப்பு இல்லை. டிப்ரன்சியல் என்கிற பல் சக்கரப் பெட்டி செய்கிற வேலை அது. சின்ன காரை வேகக் கார் ஆக்க ஆசைப்படுகிறவர்கள் எஞ்சினுக்குப் பணத்தைக் கொட்டுகிறார்கள். இந்தப் பெட்டியை மறந்து விடுகிறார்கள். கடைசியில் "டமார்" என்று சத்தம் வருவது அங்கேதான்!

25 அடி வித்தியாசம்

காரின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே 4 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஒரு முழு வட்டம் போட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தை விட 25 அடி அதிகமாக ஓட வேண்டும். வட்டம் சிறிசோ பெரிசோ, வித்தியாசம் அதே 25 அடிதான்.

இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிக் கட்டினால் ஒரு டயர் தேயும். இல்லாவிட்டால் கம்பி முறுக்கிக்கொண்டு ஒடியும். அதனால்தான் நடுவில் டிப்ரன்சியல். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு பிரான்சு நாட்டில் பெக்கூர் என்பவர் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அப்போது பெட்ரோல் காரே கிடையாது!

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சின் வேகமாகச் சுற்றும். ஆனால் அதன் முறுக்கு கொஞ்சம்தான். சின்னப் பல் சக்கரமான பினியன், பெரிய பல் சக்கரமான கிரவுன் வீலைச் சுற்றும்போது வேகம் குறைகிறது, முறுக்கு கூடுகிறது. பினியனில் 9 பல், கிரவுன் வீலில் 37 பல் என்றால் 37ஐ 9ஆல் வகுக்க வேண்டும். 4.11 வரும். இந்த எண்ணில்தான் காரின் ஜாதகமே இருக்கிறது!

நம்ம ஊர் ஹெரால்டு

இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம். ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் போதும்.

அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரானது. இங்கிலாந்தில் 1959ல் வந்த ட்ரயம்ப் ஹெரால்டுதான் இது. இத்தாலிக்காரர் மிக்கலாட்டி போட்ட வடிவம். 948 சி.சி. எஞ்சின், 40 குதிரை சக்திக்கும் குறைவு. எடை சுமார் 800 கிலோ. 25 அடி வட்டத்தில் ஆட்டோ மாதிரி திரும்பிவிடும்!

அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, இரண்டு பேர் உட்காரும் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1962ல் இங்கிலாந்தில் விட்டார்கள். எஞ்சின் 1147 சி.சி., 63 குதிரை சக்தி. எடையோ ஹெரால்டை விடக் குறைவு. பின்னால் இருந்த டிப்ரன்சியல் மட்டும் ஹெரால்டு குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதாவது, நம்ம ஊரில் டாக்டரும் வக்கீலும் ஓட்டிய குடும்பக் காரும், லண்டன் வாலிபன் ஓட்டிய பந்தயக் காரும் அண்ணன் தம்பி!

எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் 948 சி.சி. ஹெரால்டு செடானுக்குப் போட்ட விகிதம் 4.875. ஸ்பிட்பயருக்கு 4.11. 1970ல் வந்த நாலாம் மார்க் ஸ்பிட்பயருக்கு 3.89. அதே குடும்பத்தில் 2 லிட்டர், 6 சிலிண்டர் எஞ்சின் வைத்த ஜி.டி.6 காருக்கு 3.27.

13 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.75 மீட்டர் ஓடும். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் கணக்கு இப்படி வரும்:

4.875 என்றால் மணிக்கு சுமார் 86 கி.மீ.

4.11 என்றால் 102 கி.மீ.

3.89 என்றால் 108 கி.மீ.

3.27 என்றால் 128 கி.மீ.

"அப்படின்னா 3.27ஐ வாங்கி மாட்டிட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறார்கள்!

40 குதிரை கூட இல்லாத எஞ்சினுக்கு 3.27 போட்டால் கார் இழுக்காது. நாலு பேர் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க் காத்து அடித்தால் டாப் கியரில் மூச்சு வாங்கும். மூணாவது கியருக்கு இறங்க வேண்டும். கிளம்பும்போது கிளட்ச் தீயும். கணக்கில் 128 இருக்கும்; ரோட்டில் பழைய 86 கூட வராது!

எதிர்ப்பக்கமும் தப்புதான். வலுவான எஞ்சினுக்கு 4.875 போட்டால் கிளம்பும்போது புலி. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற குறுகிய சாலைக்கு அது சுகம்தான். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் 100ஐத் தாண்டினால் எஞ்சின் அலறும். பெட்ரோலும் கரையும், எஞ்சின் ஆயுசும் குறையும்.

பந்தயக்காரர் பார்க்கும் கணக்கு

பந்தயக்காரர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஓடுதளத்தில் நீளமான நேர்ச்சாலை எது? அதன் முடிவில் பிரேக் போடும் நேரத்தில், எஞ்சின் தன் முழு சக்தி தரும் சுற்றைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டுவிட்டால் விகித எண் அதிகம். கடைசி வரை தொடவே இல்லை என்றால் எண் குறைவு.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சோழவரம் இப்போது திருவள்ளூர் மாவட்டம். அங்கே சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில். நீளமான நேர்ப்பாதை, அதற்கு ஒரு கணக்கு.

1990ல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் 3.717 கி.மீ. சுற்று. அங்கேயே சிறிய சுற்றும் இருக்கிறது, 2.067 கி.மீ. ஒரே இடம், ஒரே கார். ஆனால் இரண்டு சுற்றுக்கும் ஒரே விகிதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது!

எங்கே ஒடியும்?

முதல் கியர் விகிதம் 4, டிப்ரன்சியல் 4.875 என்று வையுங்கள். பெருக்கினால் 19.5. எஞ்சின் ஒரு பங்கு முறுக்கினால் பின் ஆக்சிலில் ஏறக்குறைய 20 பங்கு முறுக்கு. எஞ்சினில் பாதிப் பங்கு கூட்டினாலே பின்னால் 10 பங்கு கூடும்! பெட்டி பழைய பெட்டியாச்சே, தாங்குமா?

ஆனால் லேசான காருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பல்லின் மேல் விழும் பாரத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அதை வைப்பது டயரின் பிடி. எடை குறைந்த காரில் பல் ஒடிவதற்கு முன்பே டயர் வழுக்கிச் சுற்றிவிடும். பாரம் அதோடு நின்றுவிடும்.

இதை அறியாமல் சிலர் அகலமான டயராகப் பார்த்து மாட்டுகிறார்கள். டயர் வழுக்க மறுக்கிறது. அந்தக் கோபம் முழுவதும் பல் மேல் இறங்குகிறது. பெரிய எஞ்சினும் அகல டயரும் சேர்ந்தால் சின்ன டிப்ரன்சியலுக்கு எமன்!

வலு சேர்ப்பது எப்படி?

"அண்ணே, பின்னாடி உய்ய்ன்னு கத்துது!"

"தம்பி, ஆயில் எப்போ பார்த்தே?"

ஒர்க் ஷாப்பில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. வலு சேர்க்கும் வேலை ஆயிலில்தான் தொடங்குகிறது. கிரவுன் பினியன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்கிறவை. அவற்றுக்கென்று தனி கியர் ஆயில் உண்டு. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் பல் தேயும்.

அடுத்தது ஜோடி. கிரவுன் வீலும் பினியனும் ஒன்றாகவே தேய்த்துப் பொருத்தப்பட்ட கணவன் மனைவி மாதிரி. புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் கிரவுன் ஒரு காரிலிருந்தும் பினியன் இன்னொரு காரிலிருந்தும் எடுத்து மாட்டினால் சத்தம் நிச்சயம். கொஞ்ச நாளில் பல்லும் போகும்.

மூன்றாவது, இடைவெளி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடம் இருக்கும். டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். பல்லில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தால் எங்கே உரசுகிறது என்று தெரியும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் அங்கேதான் ஒடியும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்பது வைத்தியம் ஆகாது!

நான்காவது, பினியன் பேரிங். அது தளர்ந்தால் பாரம் ஏறும்போது பினியன் விலகும். நல்ல பல்லும் தப்பான இடத்தில் கடிக்கும்.

இவ்வளவும் செய்தும் எஞ்சின் சக்தி மிஞ்சுகிறதா? அப்போது பெரிய பெட்டிதான் வழி. இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் வைத்திருக்கிறவர்கள் ஜி.டி.6 காரின் கனமான டிப்ரன்சியலைத் தேடிப் போவது இதற்குத்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பெட்டியைப் பலப்படுத்தினால் பாரம் காணாமல் போகாது. அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். கிராஸ் ஒடியும், ஆக்சில் முறியும், பெட்டியைத் தாங்கும் ரப்பர் கிழியும். சங்கிலியில் ஒரு வளையத்தை மட்டும் தங்கத்தில் செய்து என்ன பயன்?

வெல்டிங் வைக்கலாமா?

மணலில் ஒரு சக்கரம் சும்மா சுற்றுவதைத் தடுக்க, டிப்ரன்சியலுக்குள் வெல்டிங் வைத்து இரண்டு ஆக்சிலையும் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு. காசு குறைவு. மண் பாதையில் சரி. தார் ரோட்டில் ஆபத்து! முன்னே சொன்ன அந்த 25 அடி வித்தியாசம் எங்கே போகும்? டயர் தேயும், ஆக்சில் முறியும். வளைவில் கார் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும்.

இதற்கு நடுவழி உண்டு. லிமிடெட் ஸ்லிப் டிப்ரன்சியல். உள்ளே கிளட்ச் தகடுகளோ திருகுப் பல் சக்கரங்களோ இருக்கும். ஒரு சக்கரம் வழுக்கினால் பிடி உள்ள சக்கரத்துக்கும் சக்தி போகும். தகடு வகை தேயும். அவ்வப்போது பிரித்துப் பார்க்க வேண்டும். பல் சக்கர வகை அவ்வளவு தேயாது. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டே எழும்பிவிட்டால் அதன் உதவி குறைந்துவிடும்.

உயிர் விஷயம்!

ஹெரால்டு, ஸ்பிட்பயர் இரண்டிலும் டிப்ரன்சியல் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு நிற்கும். அதிலிருந்து இரண்டு ஆக்சிலும் பறவை இறக்கை மாதிரி மேலும் கீழும் ஆடும்.

வளைவில் வேகமாகப் போய், பயந்து திடீரென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கமாக மடங்கும். டயரின் பிடி போகும். கார் சுற்றிக்கொள்ளும். 40 குதிரை சக்தியில் இது அபூர்வம். சக்தியைக் கூட்டினால் அடிக்கடி!

1970ல் இங்கிலாந்தில் ஸ்பிட்பயரின் பின் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இந்த ஆபத்தைக் குறைத்தார்கள். 1972ல் பெருங்களத்தூரில் ஹெரால்டின் இடத்துக்கு ஸ்டாண்டர்டு கெசல் வந்தது. ஆடும் ஆக்சிலை எடுத்துவிட்டு ஒரே உறுதியான ஆக்சிலை வைத்தார்கள். இந்திய ரோட்டுக்கும் மெக்கானிக்குக்கும் அதுதான் பிடித்தது. 1977ல் கெசல் உற்பத்தி நின்றது.

ஆகவே ஹெரால்டுக்குப் பெரிய எஞ்சின் வைக்க நினைக்கிறவர் டிப்ரன்சியலோடு பின் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சட்டத்தையும் சேர்க்க வேண்டும். கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவதும் குற்றம். வேகத்துக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை, மீன் கூடையோடு சாலையைக் கடக்கிற பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொந்தமானது.

குறைந்த சக்தி, நிறைந்த வெற்றி

கோவை கரிவரதன் உருவாக்கிய பார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது என்ன? 800 சி.சி. மாருதி எஞ்சின்! மாருதியில் கியர் பாக்ஸும் டிப்ரன்சியலும் ஒரே பெட்டி. அந்த எஞ்சினையும் பெட்டியையும் அப்படியே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். கார் லேசானது என்பதால் சாதாரணப் பெட்டியே போதுமானதாக இருந்தது.

1990களின் தொடக்கத்தில் அந்த வகைக் காரில் பந்தயம் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005ல் பார்முலா ஒன் வரை போனார்.

எனவே ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது "என்ன எஞ்சின் வைக்கலாம்?" என்று முதலில் கேட்காதீர்கள். "என் கார் எத்தனை கிலோ? எந்த ரோட்டில் ஓடப்போகுது? அதுக்கு எத்தனை பல்?" என்று கேளுங்கள். இதற்கு பதில் சொல்லத் தெரிந்த மெக்கானிக் கையில் சாவியைக் கொடுக்கலாம்.