தங்கம் தேடிய ஊரில் ஈயம் குடித்த உயிர்கள்... ஜாம்ஃபாரா குழந்தைகளுக்கு என்ன நடந்தது?

வடமேற்கு நைஜீரியாவில் இருக்கிறது ஜாம்ஃபாரா மாநிலம். 2010-ம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே சில கிராமங்களில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தார்கள். முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு வலிப்பு. அதன்பின் மரணம். பெரும்பாலானவர்கள் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள். மலேரியாவாக இருக்கும் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். ஆனால், மலேரியா மருந்துக்குக் காய்ச்சலும் வலிப்பும் கட்டுப்படவில்லை.

மார்ச் மாதம் இந்தத் தகவல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு எட்டியது. குழந்தைகளின் ரத்த மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. வந்த முடிவு மருத்துவர்களையே அதிரவைத்தது. ரத்தத்தில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஈயம்!

தொழிற்சாலையே இல்லாத கிராமத்துக்கு ஈயம் எங்கிருந்து வந்தது? தங்கத்தோடு வந்தது.

மாவு மில்லில் அரைத்த கல்

தங்கம் விலை ஏறியதும், விவசாயத்தை மட்டுமே நம்பியிருந்த இந்த ஊர்களில் பலர் தங்கம் தோண்டக் கிளம்பினார்கள். பெரிய கம்பெனியோ, பெரிய இயந்திரமோ கிடையாது. கையால் குழி வெட்டி, கிடைத்த பாறைகளை மூட்டை கட்டி வீட்டுக்கே கொண்டு வந்தார்கள்.

மற்ற வேலைகள் எல்லாம் வீட்டு முற்றத்தில்தான். சுத்தியலால் கல்லை உடைப்பது, தானியம் அரைக்கும் மில்லில் போட்டுப் பொடியாக்குவது, தண்ணீரில் அலசுவது, பாதரசம் சேர்த்துத் தங்கத்தைப் பிரிப்பது எனப் பெண்களும் பிள்ளைகளும்கூட இதில் ஈடுபட்டார்கள்.

அந்தப் பகுதிப் பாறைகளில் தங்கத்தோடு ஈயமும் மிக அதிகமாகக் கலந்திருந்தது. கல்லை உலர்வாக அரைத்தபோது எழுந்த தூசி தரையில், துணியில், சமையல் பாத்திரத்தில், குடிதண்ணீரில் எனப் படியாத இடமே இல்லை.

ஏன் குழந்தைகள்?

தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். மண்ணையும் தின்னும். பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஈயத்தைக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைத்தான் ஈயம் முதலில் தாக்கும். உயிர் பிழைத்தாலும் மூளைப் பாதிப்பு, பார்வை இழப்பு, கற்றல் குறைபாடு போன்றவை வாழ்நாள் முழுக்கத் தொடரலாம்.

டரேட்டா, யர்கல்மா ஆகிய இரு கிராமங்களில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உள்ளிட்ட குழுவினர் வீடு வீடாக ஆய்வு செய்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட 463 குழந்தைகளில் 118 பேர் முந்தைய ஓராண்டில் இறந்திருந்தார்கள். அதாவது, நான்கில் ஒரு குழந்தை! மாநிலம் முழுக்க குறைந்தது 400 குழந்தைகள் பலியானதாகக் கணக்கிடப்பட்டது.

மருந்து மட்டும் போதாது

ரத்தத்திலுள்ள ஈயத்தைப் பிடித்து சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து இருக்கிறது. ஆனால், சிகிச்சை முடிந்த குழந்தை திரும்பவும் அதே முற்றத்தில்தானே விளையாடும்? அதனால், மண்ணைச் சுத்தம் செய்த பிறகுதான் சிகிச்சை என்று முடிவானது. நஞ்சேறிய மேல்மண்ணை வெட்டியெடுத்துத் தனியே புதைத்துவிட்டு, வீடுகளில் புது மண் நிரப்பினார்கள்.

அதிகம் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்றான பகேகாவுக்கு இந்தப் பணி வந்து சேர 2013 ஆகிவிட்டது. அரசு நிதி தாமதமானதுதான் காரணம். அதுவரை மூன்று ஆண்டுகள் அந்த ஊர்க் குழந்தைகள் நஞ்சுக்கு நடுவேதான் வளர்ந்தார்கள்.

பாதிப்பு ஜாம்ஃபாராவோடு நிற்கவில்லை. 2015-ல் பக்கத்து நைஜர் மாநிலத்தின் ஷிகிரா பகுதியில் இதே காரணத்தால் 28 குழந்தைகள் இறந்தார்கள்.

புகையாகப் பரவும் பாதரசம்

ஈயம் எல்லாத் தங்கப் பாறையிலும் இவ்வளவு இருக்காது. ஆனால், பாதரசம் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியா என எங்கெல்லாம் சிறு சுரங்கங்கள் உண்டோ, பெரும்பாலும் அங்கெல்லாம் இருக்கிறது. பாதரசத்தில் ஒட்டிய தங்கத்தைத் தீயில் சூடாக்கினால், பாதரசம் ஆவியாகப் பறந்து தங்கம் மட்டும் மிஞ்சும். அந்த ஆவியைச் சுவாசிப்பவர்களுக்கு நடுக்கம், ஞாபகமறதி, சிறுநீரகப் பாதிப்பு ஏற்படும். ஆற்றில் கலக்கும் பாதரசம் மீனுக்குள் சேர்ந்து சாப்பாட்டுத் தட்டுக்கே திரும்பி வரும்.

2015-ல் மனிதச் செயல்பாடுகளால் காற்றில் கலந்த பாதரசத்தில் சுமார் 38 சதவிகிதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வந்தது என்கிறது ஐ.நா-வின் மதிப்பீடு. இதைக் குறைக்க வலியுறுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது.

என்னதான் வழி?

தடை விதித்தால் இந்தத் தொழில் நின்றுவிடாது. வயிற்றுப்பாடு இருக்கும்வரை ரகசியமாக நடக்கும், அதுவும் வீட்டுக்குள்ளேயே. அதனால், எளிய மாற்றங்களைத்தான் நிபுணர்கள் சொல்கிறார்கள். கல் அரைக்கும் மில்லை ஊருக்கு வெளியே வைப்பது, தண்ணீர் தெளித்து ஈரமாக அரைப்பது, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே வீட்டுக்குள் நுழைவது, பாதரச ஆவி வெளியேறாதபடி மூடிய கலனில் சூடாக்குவது என எதற்குமே பெரிய செலவில்லை.

ஜாம்ஃபாராவில் பல ஆண்டுகள் நீடித்த சிகிச்சைத் திட்டத்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் நிறைவு செய்தது. சுரங்கப் பக்கமே போகாத அந்தக் குழந்தைகளைக் கொன்றது, அப்பாவின் சட்டையிலும் அம்மாவின் முற்றத்திலும் படிந்திருந்த தூசி. அந்தத் தூசியை வாசலுக்கு வெளியே நிறுத்தினாலே பல உயிர்கள் பிழைக்கும்.